மாசி சிவராத்திரிக்குத் திறந்த பெட்டி

எங்கள் மாடி அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதற்குள் அட்டைப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு ஆள். ஒரு சாண் உயரம் இருப்பான். ஒருத்தன் கையில் வாள், ஒருத்தன் கையில் துப்பாக்கி, ஒருத்திக்கு இறக்கை, இன்னொருத்தனுக்கு மூன்று கண். பெட்டியின் முன்பக்கம் கண்ணாடித் தாள் என்பதால் எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ரயில் கதவோரம் நிற்கிறவர்கள் மாதிரி. அவ்வளவும் என் மாப்பிள்ளையுடைய பொம்மைகள். அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

முதலில் பார்த்தபோது எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. பெண்ணைக் கொடுக்கும்போது பையனுக்கு வேலை என்ன, காடு கரை உண்டா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை என்றெல்லாம் விசாரித்தோம். பொம்மை வைத்திருக்கிறாரா என்று யார் கேட்பார்கள்?

என் வீட்டவர் காலமான பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டேன். நாலு வருசம் ஆகிறது. கோவில்பட்டி முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் வீடு. பின் ஜன்னலைத் திறந்தால் உளுந்தும் பருத்தியும் தெரியும். செடி பிடுங்கின காட்டிலிருந்து கறுப்புப் புழுதி கிளம்பி, நாம் ஜன்னலை எவ்வளவு சாத்தினாலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்குப் பெங்களூர்க் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறார். மாசம் ஒருதரம் ரயிலேறிப் போய் மூன்று நாள் முகத்தைக் காட்டிவிட்டு வருவார்.

வரும்போது பையில் பழுப்பு நிறத்தில் இரண்டு பாட்டில் இருக்கும். பீர்தான். ஆனால் எல்லாக் கடையிலும் கிடைக்கிற பீர் இல்லையாம். சின்ன இடத்தில், ஓர் ஆள் தன் கைப்பக்குவத்தில் கொஞ்சமாகக் காய்ச்சி எடுப்பதாம். ஒன்றில் ஆரஞ்சுத் தோல் போடுவார்களாம், ஒன்றில் காப்பிக்கொட்டையாம். மகள் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு பாட்டிலைத் திறப்பார். வெறும் அரை லிட்டரைக் குடிக்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். மோந்து பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், பிறகு ஒரு நோட்டை எடுத்து அது எப்படி இருந்தது என்று எழுதுவார். குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு நோட்டில் எழுதுகிறவரை இங்கேதான் பார்த்தேன்.

சத்தம் போடுகிற வேலையை அவருடைய பாட்டுத் தட்டுகள் பார்த்துக்கொள்ளும். பெரிய கறுப்புத் தட்டு, அதன் மேல் ஊசி. போட்டதும் நாலு பேர் இங்கிலீசில் கத்துவார்கள். ஏதோ வரப்புத் தகராறு என்றுதான் முதல் நாள் நினைத்தேன். ஒரு பாட்டு இரண்டு நிமிசம்கூட வராது. முடிந்ததும் அடுத்த தகராறு. பங்க் ராக் என்று அதற்குப் பேராம். மாப்பிள்ளை போடுகிற சட்டையும் அந்தப் பாட்டுக்காரர்கள் படம் போட்டதுதான், எப்போதும் கறுப்பு. போன கார்த்திகையில் பக்கத்து வீட்டம்மா என்னிடம் வந்து, மாப்பிள்ளை மலைக்கு மாலை போட்டிருக்காரா என்று பயபக்தியாகக் கேட்டாள். சட்டையின் முன்பக்கம் மண்டை ஓடு இருந்ததை அவள் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டைப் பற்றி மகளிடம் ஒருதரம் கேட்டேன். இவர்கள் யாருக்கும் ஒழுங்காகப் பாடத் தெரியாது, வாசிக்கவும் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் சொல்ல வேண்டியது இருக்கிறது என்று மேடையில் ஏறிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை சொல்வாராம். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தச் சத்தத்தின் மேல் ஒரு பிடிப்பு வந்தது. மத்தியானம் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளும்போது மேலே தட்டு ஓடினால் என் கையும் அந்த வேகத்துக்கு ஓடும். பாடத் தெரியாமலே பாடுகிறவர்கள். எனக்கோ தெரிந்ததைச் சொல்லவே வாய் வராது.

மூன்றாம் வகுப்பில் வாத்தியார் பேர் கூப்பிடும்போது நான் “உள்ளேன் ஐயா” என்று சொல்வேன். அவருக்குக் கேட்காது. வரவில்லை என்று எழுதிவிடுவார். ஒரு நாள் விடாமல் போயும் அந்த வருசம் பாதி நாள் நான் வராதவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, கூச்சம் நிற்கவில்லை.

மாப்பிள்ளையிடமும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் மாமியார், மருமகனுக்கு முன்னால் உட்கார மாட்டாள், நேருக்கு நேர் பேச மாட்டாள். இப்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பக்கத்து வீட்டம்மா தன் மருமகனோடு சோபாவில் உட்கார்ந்து, ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறாள். எனக்கு அது வரவில்லை. பாதி பழக்கம், பாதி கூச்சம். கல்யாணமாகி ஒன்பது வருசத்தில் அவரிடம் நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான்.

அந்த மகளுக்குப் பதவி உயர்வு வந்தது. திருச்சியில் ஆறு வாரம் பயிற்சி என்றார்கள். கிளம்புகிற அன்று அவளுக்குப் பயிற்சியைப் பற்றிக் கவலை இல்லை. “நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கிடுவீங்க?” என்றுதான் கேட்டாள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுப்படியில் இருக்கும் பிரிட்ஜைப் பார்த்துப் பேசுவேன். “தோசை ஆறுது” என்று பிரிட்ஜிடம் சொல்வேன். மாப்பிள்ளை வந்து சாப்பிடுவார். “கேஸ் தீரப் போகுது” என்பேன். போன் போட்டு வரவழைப்பார். அவரும் நல்ல மனுசர். “இன்னிக்கு மீட்டிங் இருக்கு, மதியச் சாப்பாடு ரெண்டு மணிக்குத்தான்” என்று பிரிட்ஜுக்குப் பதில் சொல்லிவிட்டு மாடிக்குப் போவார். எங்கள் வீட்டில் அந்த ஆறு வாரமும் எல்லா விசயமும் தெரிந்தது பிரிட்ஜுக்குத்தான்.

இந்த நேரத்தில் மாசி சிவராத்திரி வந்தது.

எங்கள் குலசாமி கோயில் விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாமிக்குச் சிலை கிடையாது. பெட்டிதான். சாமியின் வாள், சலங்கை, பட்டுத்துண்டு எல்லாம் ஒரு மரப்பெட்டியில் பூசாரி வீட்டில் இருக்கும். வருசம் முழுக்க யாரும் அதைத் தொடக்கூடாது. மாசி சிவராத்திரிக்கு மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோய்த் திறப்பார்கள். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, காற்றாட வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, திரும்ப வைத்து மூடிவிடுவார்கள். பிறகு அடுத்த மாசிக்குத்தான். ஒரு வருசம் பங்காளிச் சண்டையில் பெட்டியைத் திறக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த வருசம் மழையே இல்லை என்று என் மாமியார் சொல்வார். “அடைச்சு வச்சதை வருசத்துக்கு ஒருதரமாவது திறந்து மூச்சு விட விடணும்” என்பது அவர் பேச்சு.

இந்தத் தரம் எனக்கு முழங்கால் வலி. பஸ் ஏறி, இறங்கி, அங்கிருந்து காட்டுப் பாதையில் நடக்க முடியாது. கூட்டிப் போக மகளும் இல்லை. மாப்பிள்ளை பெங்களூருக்குப் போயிருந்தார். வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு, வீட்டைத் துடைத்துக்கொண்டே மாடிக்குப் போனேன்.

மாடி அறையைப் பற்றி மகள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். “அலமாரியை மட்டும் துடைம்மா, பெட்டியைத் தொட்டுறாத.” நானும் தொட்டதில்லை. யாரும் தொடாமல், திறக்காமல், இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிற பெட்டி. அது எனக்குத் தெரியாத சங்கதியா என்ன? நானே அந்த வழியில் வந்தவள்தானே. நாள் கிழமை இல்லாத நாளில் தொடக்கூடாது, சரி. அப்படியென்றால் நாள் என்று ஒன்று இருக்கும் இல்லையா? அவை சாமி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பெட்டி பெட்டிதானே. திறக்க வேண்டிய நாளில் பெட்டிக்காரர் ஊரில் இல்லை, மகளும் இல்லை. நான் ஒருத்திதான் இருக்கிறேன். பாவம், எத்தனை வருசமாக மூச்சு முட்டிக்கொண்டு நிற்கிறார்களோ.

அன்றைக்கு மேசை மேல் ஒரு பெட்டி மட்டும் தனியாக எடுத்து வைத்து, வெள்ளைத் தாள் போர்த்தியிருந்தது. இதுதான் தலைப்பெட்டி, இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூடியில் ஒட்டியிருந்த டேப்பைக் கத்தி நுனியால் மெல்லக் கீறினேன். உள்ளே இருந்தவன் நீலக் கவசம் போட்ட சண்டைக்காரன். முதுகில் சிவப்புத் துணி, தலையில் கொம்பு வைத்த தொப்பி. அவனைக் கழுத்தில், இடுப்பில், கையில், காலில் எல்லாம் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறுக்காகப் பிரிக்கப் பிரிக்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிதாபத்தில் இல்லை, கம்பி அவ்வளவு பொடிசு. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே எடுத்து ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல் காற்றில் நிறுத்தி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அந்த நீலத்துக்குக் குங்குமம் எடுப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் பழையபடி உள்ளே வைத்து, மூடி, வெள்ளைத் தாளைப் போர்த்தினேன். மற்ற பெட்டிகளையும் திறக்கத்தான் நினைத்தேன். கண் ஒத்துக்கொள்ளவில்லை. அது என் நல்ல காலம்.

மாப்பிள்ளை வியாழக்கிழமை காலை வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். காப்பி குடித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை மதியம் புதியம்புத்தூரிலிருந்து ஒரு அண்ணாச்சி சாப்பிட வருகிறார் என்று பிரிட்ஜிடம் சொன்னார். ரெடிமேட் துணி தைக்கிற யூனிட் வைத்திருப்பவராம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறவராம். அவரிடம் ஒரு தட்டு இருக்கிறதாம். மாப்பிள்ளை காலேஜ் படிக்கும்போது விடுதியில் ஒருவர் வைத்திருந்து கேட்ட தட்டு. அன்றிலிருந்து தேடுகிறாராம், எங்கேயும் அகப்படவில்லையாம். அந்தத் தட்டுக்குப் பதிலாக இவர் ஒரு பெட்டியைக் கொடுக்கப் போகிறார். மேசை மேல் எடுத்து வைத்திருக்கிறாரே, அந்தப் பெட்டி.

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மகள் போனில் பேசும்போது, சும்மா கேட்பது போலக் கேட்டேன். அந்தப் பொம்மைகளை ஏன் வெளியில் எடுப்பதே இல்லை?

“ஒட்டினது ஒட்டினபடி இருக்கணும்மா. அதுதான் அதுக்கு மதிப்பு. பிரிச்சா போச்சு.”

“என்னட்டி போச்சு? ஆளு உள்ளதான இருக்கான்?”

“ஏம்மா கேக்க?”

அவள் என் மகள் அல்லவா, பேசாமல் இருந்தாலே அவளுக்குக் கேட்டுவிடும். எல்லாம் சொன்னேன். முழுசும் கேட்டாள். பிறகு, “பொட்டு வேற வச்சியா?” என்றாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து முடித்ததும்தான் நினைப்பு வந்தவள் மாதிரி, அவர் அந்தத் தட்டுக்காக இருபது வருசமாய்த் தேடுகிறார் என்றாள். தான் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள்.

நான் வேண்டாம் என்றேன். திறந்தவள் நான். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவள் சொன்னால், அது அவளுக்கும் அவருக்கும் இடையில் ஒரு வருத்தமாகப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் முன்னால் மாப்பிள்ளை தாளை எடுத்துப் பார்த்துத் தலைகுனிந்து நிற்பதும் கூடாது. அதற்கு முன் சொல்லிவிட வேண்டும், நானே சொல்ல வேண்டும். இதை மகளிடம் ரொம்பத் தைரியமாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை பிரிட்ஜ் முன்னால் நின்றேன். “தயிர் உறைஞ்சிருக்கு” என்றேன். மத்தியானம் நின்றேன். “முருங்கைக்காய் நாளைக்கு வரைக்கும்தான் தாங்கும்” என்றேன். பெட்டி என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து முருங்கைக்காயாக மாறிவிடுகிறது. சனிக்கிழமை காலை மாப்பிள்ளை, “அத்தைக்கு உடம்பு சரியில்லையா, ரெண்டு நாளா சாப்பாட்டுல உப்பு ரெண்டு தடவை விழுது” என்று பிரிட்ஜிடம் கேட்டார். நான் உப்பு ஜாடியை எடுத்து உள்ளே வைத்தேன்.

சாயங்காலம் மாடியில் தட்டு ஓடத் தொடங்கியது. இதற்கு மேல் நேரம் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். கதவு திறந்திருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டு ஓடும் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். தலை ஆடிக்கொண்டிருந்தது. அறை முழுக்க அந்த நாலு பேருடைய சத்தம்.

வாசலில் நின்று சொன்னேன். “அந்தப் பெட்டியை நான் திறந்துட்டேன்.”

எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் தலை அதே மாதிரி ஆடியது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு. எனக்கு அந்த மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஞாபகம் வந்தார். சொல்லியும் சொல்லாதவளாக எத்தனை நாள்தான் இருப்பது? சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“பெட்டியை நான்தான் திறந்தேன்!”

அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது. என் சத்தம் மட்டும் அறையில் முட்டி, ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் போனது. பக்கத்து வீட்டில் மிக்சி நின்றுவிட்டது.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருசத்தில் முதல் தடவையாக நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தோம். பிறகு மேசைக்குப் போய் வெள்ளைத் தாளை எடுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார்.

“பொட்டு வச்சிருக்கீங்க” என்றார்.

“சிவராத்திரியில்லா அன்னைக்கு.” பெட்டி கும்பிடுவது, மூச்சு முட்டுவது, மழை இல்லாமல் போனது என்று வாயில் வந்தபடி எல்லாம் சொன்னேன். ஒருதரம் அடைப்பு உடைந்துவிட்டால் தண்ணீர் நிற்குமா? அவர் கேட்டு முடித்து, அந்தச் சண்டைக்காரனைக் கையில் எடுத்தார். முழங்காலை மடக்கிப் பார்த்தார். ஆறு வருசமாக வைத்திருக்கிறார், தொட்டதே இல்லையாம்.

“காலு மடங்குதே” என்றார், தனக்குத் தானே சொல்வது போல.

“வலது கால் கொஞ்சம் இறுக்கம். தேங்காய் எண்ணெய் போடலாம்னு நெனச்சேன், போடல.”

“நல்லவேளை” என்றார்.

அவ்வளவுதான். கோபப்படவில்லை. ஆனால் அன்றைக்கு அடுத்த தட்டும் போடவில்லை. சனிக்கிழமைப் பாட்டிலையும் திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் சத்தம் இல்லாமல் இருப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. புதியம்புத்தூர் அண்ணாச்சிக்கு அவர் போன் பண்ணிச் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. பெட்டி பிரிந்துவிட்டது, நீங்கள் வர வேண்டியதில்லை என்றார். அதற்கு அந்த அண்ணாச்சி, வீட்டில் தனக்குச் சோறு வடிக்க வேண்டாம் என்று சொல்லியாச்சு, வராமல் இருந்தால் பட்டினி என்றாராம்.

காலையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது பக்கத்து வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நேத்து என்னத்தக்கா திறந்தீங்க? தெரு முக்கு வரைக்கும் கேட்டுச்சே.”

“குழம்புப் பொடி டப்பா” என்றேன். அவள் நம்பவில்லை.

மதியம் அண்ணாச்சி பைக்கில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் இஞ்சு டேப். தட்டைப் பிள்ளைகளின் யூனிபார்ம் நீலத் துணியில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்குவது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். இவரா இந்தக் கத்தல் பாட்டைக் கேட்கிறவர் என்று எனக்கு ஆச்சரியம். தையல் மிசின் இருபது ஓடுகிற இடத்தில் வேறு எந்தப் பாட்டும் காதில் விழாது, இது ஒன்றுதான் விழும் என்றார் அவர்.

மாப்பிள்ளை பொம்மையைக் கொடுத்தார். அண்ணாச்சி அதன் முகத்தைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். துடைத்தும் போகவில்லை, நெற்றியில் சிவப்பு ஊறிவிட்டது. பிறகு பொம்மையைத் திருப்பி முதுகுத் துணியை விரித்தார். பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“தம்பி, இங்க பாருங்க. அரை விரல் அகலத் துணியில ரெண்டு ஓரமும் மடிச்சு அடிச்சிருக்கான். முனையில ஒரு நூல் பிசிறு இல்ல. என் மாஸ்டர்கிட்ட காட்டுனா வேலையை விட்டுட்டுப் போயிருவான்.” திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்கிட்ட எட்டுப் பெட்டி இருக்கு. எல்லாத்தையும் முன்னால இருந்தே பாத்திருக்கேன். முதுகுல இப்படித் தச்சிருப்பான்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

மாற்றிக்கொள்வாரோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை எழும்பியது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று குலசாமியைக் கூப்பிட்டேன். ஆனால் அவர் பொம்மையைப் பதனமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரித்ததை வாங்க மனசு ஒப்பவில்லை, தப்பாக நினைக்கக்கூடாது என்று நேராகவே சொன்னார். மாப்பிள்ளையும் அதுதான் முறை என்றார். இருவரும் சாப்பிட்டார்கள். முருங்கைக்காய் சாம்பார், கருவாட்டுக் குழம்பு, அவியல். உப்பு ஒரு தரம்தான் போட்டிருந்தேன்.

கை கழுவிவிட்டு அண்ணாச்சி, “தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாச்சு. கேட்டுட்டுப் போறதுக்கு என்ன?” என்றார்.

அவர்கள் மாடிக்குப் போனார்கள். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை படியில் இறங்கி வந்தார். பிரிட்ஜைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அத்தை, நீங்களும் வாங்க. நீங்கதான திறந்து வச்சது.”

போனேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு எடுத்துப் போட்டார். நாற்காலி நுனியில், எழுந்து ஓடத் தயாராக இருப்பவள் மாதிரி உட்கார்ந்தேன். அண்ணாச்சிக்கு அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை போல. “நல்லா உக்காருங்கம்மா” என்று சொல்லிவிட்டு ஊசியை வைத்தார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்திரண்டு வயது மனுசர் முகத்தில் இருபது வயசு வந்து உட்கார்ந்தது. அதை நான் பார்த்தேன். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. எல்லாம் பழைய கத்தல்தான். ஆனால் இரண்டாவதில் ஏதோ இடித்தது. ஊர்க் கோயில் கொடையில் உறுமி அடிக்கிறவன் முந்திப் போனால் எங்கள் காலுக்கே தெரிந்துவிடும், அது மாதிரி.

அண்ணாச்சி என்னைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டிருப்பார்.

“கொட்டடிக்கவன் முந்திக்கிட்டுப் போறான். பாடுதவன் பின்னாலேயே ஓடி ஓடிப் பிடிக்கான்” என்றேன். “ஆனா கடைசியில பிடிச்சிட்டான்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சி எழுந்து ஊசியைத் தூக்கி, அந்தப் பாட்டை மறுபடியும் போட்டார். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். மாப்பிள்ளை சிரித்தார். “ஆமா. இதுதான். இந்தப் பாட்டு எனக்கு ஏன் பிடிக்கும்னு இத்தனை வருசமா தெரியல.”

அதற்குப் பிறகுதான் அவர் பாட்டிலைத் திறந்தார். இந்தத் தரம் கம்பு போட்டுக் காய்ச்சியதாம். கம்பா என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு மடக்கு ஊற்றி என் பக்கம் வைத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாசம் வந்தது. மோந்து பார்த்தேன், அவர் பார்ப்பது போலவே. ஒரு மடக்கு குடித்தேன்.

“எப்படி இருக்கு அத்தை?” நோட்டைத் திறந்து, பேனாவோடு கேட்டார்.

“கம்பங்கஞ்சி நீத்தண்ணி, மூணாம் நாளு புளிச்சது. அடியில கொஞ்சம் தீஞ்சிருக்கு.” இன்னொரு மடக்கு குடித்துப் பார்த்தேன். “உப்பு போட மறந்துட்டான். ஒரு சின்ன வெங்காயம் இருந்தா நல்லா இருக்கும்.”

அதை அப்படியே எழுதிக்கொண்டார். கேலிக்கு எழுதுகிறார் என்று நினைத்தேன். பிறகு மகள் அந்த நோட்டைக் காட்டினாள். தேதி போட்டு, பாட்டில் பேர் போட்டு, நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறார். கீழே, “சரி” என்று ஒரு வார்த்தை.

சாயங்காலம் அண்ணாச்சி தட்டை நீலத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பைக் முக்கு திரும்புகிற வரைக்கும் மாப்பிள்ளை வாசலில் நின்றார். தட்டு அவருக்குக் கிடைக்காமல் போனது போனதுதான். அதற்கு நான்தான் காரணம் என்பதும் அப்படியேதான் இருக்கிறது. நான் அதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அண்ணாச்சி மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை இரண்டு தரம் வந்தார். கருவாட்டுக் குழம்புக்கு வருகிறாரா, பாட்டுக்கு வருகிறாரா என்று தெரியவில்லை. போன தரம் வந்தபோது, தன் வீட்டில் ஒரு பெட்டியைப் பிரித்துவிட்டதாக மெதுவாகச் சொன்னார். முதுகைப் பார்க்காமல் இருக்க முடியவில்லையாம்.

மகள் பயிற்சி முடிந்து வந்த அன்று, அடுப்படியில் நானும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். புளி பழசா புதுசா என்பதுதான் பேச்சு. “அப்ப இனி எனக்கு இங்கன வேலை இல்ல” என்றாள்.

நீலச் சண்டைக்காரன் இப்போது அலமாரிக்குள் இல்லை. மாப்பிள்ளை அவனைப் பிரிட்ஜ் மேல் நிறுத்திவிட்டார், குங்குமத்தோடு. புழுதி படியத்தான் செய்கிறது. தினமும் காலையில் நான் துடைக்கிறேன். அவன் வலது கால் இப்போது நன்றாக மடங்குகிறது. நேற்று சாப்பிட வந்த மாப்பிள்ளை, சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே பிரிட்ஜைப் பார்த்துக் கேட்டார்.

“மேல இன்னும் பதினோரு பெட்டி இருக்கு. வருசத்துக்கு ஒண்ணுன்னு வச்சா, அடுத்த சிவராத்திரிக்கு எதைத் திறக்கணுமாம்?”

எனக்கு அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. பதினொன்றையும் கூட்டிப் பார்த்தேன். முழங்கால்தான் ஒத்துழைக்க வேண்டும்.

“அந்த இறக்கைக்காரியை” என்று அவரிடமே சொன்னேன். “அவளுக்குத்தான் உள்ள இடம் பத்தல.”